குடத்தில் கையிட்ட சிறுவன்

ஆயிரத்து நூறு வருஷங்களுக்கு முன்பு உத்திரமேரூரில் ஒரு சிறுவன் இருந்தான். ஊரார் எல்லோரும் கூடியிருந்த சபையின் நடுவே அவனை அழைத்து நிறுத்தினார்கள். அவன் முன்னால் ஒரு குடம். குடத்துக்குள் பெயர் எழுதிய ஓலைகள். சிறுவன் கையை உள்ளே விட்டு ஓர் ஓலையை எடுத்துக் கொடுத்தான். அதில் யார் பெயர் இருந்ததோ அவர் அந்த வருஷத்துக்கு ஊர்க் காரியம் பார்க்கும் வாரியத்தில் அங்கத்தினர் ஆனார். சிறுவன் விளையாடப் போய்விட்டான். அவனுக்கு ஒரு வாழைப்பழமாவது கொடுத்தார்களா என்று கல்வெட்டுச் சொல்லவில்லை.

வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் வருஷத்திலும் 921-ஆம் வருஷத்திலும் வெட்டிய அந்தச் சாஸனங்களைப் பற்றி நேயர்கள் நிரம்பக் கேள்விப்பட்டிருப்பார்கள். குடவோலை என்றால் நமக்குப் பெருமையினால் மார்பு விம்முகிறது. ஆனால் அந்தக் குடத்திலிருந்து பிறந்தவை என்ன என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஊரின் 30 குடும்புகளிலிருந்தும் ஆளுக்கு ஒருவராக 30 பேர் வந்தார்கள். அவர்களில் 12 பேர் ஸம்வத்ஸர வாரியம். 12 பேர் தோட்ட வாரியம். மீதி 6 பேர் ஏரி வாரியம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடி அந்தப் பதவிக்கு வர முடியாது. அவனுடைய நெருங்கிய உறவினருக்கும் அதே கதிதான். பதவிக் காலம் 360 நாள்.

தோட்டத்துக்கு ஒரு வாரியம், ஏரிக்கு ஒரு வாரியம்! மரமும் தண்ணீரும் சரியாக இருந்தால் ஊர் இருக்கும். இல்லாவிட்டால் ஊர் இராது என்று அந்த ஜனங்கள் தெரிந்து கொண்டிருந்தார்கள். உத்திரமேரூரில் வயிரமேக தடாகம் என்று பல்லவர் காலத்திலேயே பெயர் பெற்ற பேரேரி ஒன்று உண்டு. அதைத் தூர் வாருவதற்காகச் செய்த தருமங்களைப் பற்றியும் அந்த ஊர்க் கல்வெட்டுகளில் செய்தி இருக்கிறது.

இவ்வளவையும் மெச்சிய பிறகு, மறைக்காமல் சொல்ல வேண்டிய இன்னொரு விஷயம் இருக்கிறது. அந்தக் குடத்தில் எல்லோருடைய பெயரும் விழவில்லை. வரி கட்டும் சொந்த நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். வயது 35 முதல் 70-க்குள் இருக்க வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. நிலமில்லாதவனுக்கு இடமில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் பல ஊர்களில் மதகைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்று அளந்து விட்டவர் நீர்க்கட்டி என்னும் ஊழியர். அவர் பெரும்பாலும் சேரியைச் சேர்ந்தவர். ஏரியின் மனசு அவருக்குத் தெரிந்த அளவு ஊரில் வேறொருவருக்கும் தெரியாது. இருந்தும் ஊர்ப் பெரியவர்களோடு சமமாக அவர் உட்காரும்படி எந்த ஊரும் விட்டதில்லை. அறிவு ஓரிடத்திலும் அதிகாரம் ஓரிடத்திலுமாகப் பிரிந்து கிடந்தது நமது பழைய ஏற்பாட்டின் பெருங்குறை.

இப்போது தாமலுக்கு வருவோம்.

காஞ்சீபுரத்திலிருந்து மேற்கே பெங்களூர் நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில் தாமல் என்று ஓர் ஊர் இருக்கிறது. மோட்டாரில் பறந்து செல்கிறவர்களுக்கு அது ஒரு பெயர்ப் பலகை. கண் இமைப்பதற்குள் கடந்துவிடும். ஆனால் தொண்டை மண்டலத்தை 24 கோட்டங்களாகப் பகுத்த காலத்தில் ஒரு கோட்டத்துக்கே பெயர் கொடுத்த ஊர் இது. ஊருக்குப் பேரேரி ஒன்று உண்டு. காஞ்சீபுரம் ஜில்லாவின் பெரிய ஏரிகளை எண்ணும்போது தாமல், தென்னேரி, உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், மணிமங்கலம் என்றுதான் விரல் மடக்குவார்கள்.

பாலாற்றுப் படுகையில் ஏரி என்பது வெறும் பள்ளம் அல்ல; அது ஓர் ஏற்பாடு. மேலே நீர் வரத்துக் கால்வாய், நடுவே நீர்ப் பரப்பு, தாழ்ந்த பக்கத்தில் வளைந்து நிற்கும் மண் கரை, கரையில் மதகு, மிஞ்சிய நீர் உடைப்பு எடுக்காமல் வெளியேறக் கலங்கல், கலங்கலிலிருந்து இறங்கும் தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். ஓர் ஊர் கால்வாயைத் தூர்த்துவிட்டால் அந்த ஊர் மட்டும் கெடுவதில்லை. கீழே வரிசையாக உள்ள ஊர்களெல்லாம் கெடும். பாலாறோ வருஷத்தில் பெரும்பாலும் மணலாகக் கிடக்கும் ஆறு. 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளம் எப்போதாவதுதான் வரும். வரும்போது பிடித்து வைத்துக் கொள்ள வேண்டியது ஏரியின் வேலை. பிடித்து வைக்கத் தெரிந்திருக்க வேண்டியது மனிதனின் வேலை.

இந்த இரண்டாவது வேலைதான் இன்று கைமாறாமல் நிற்கிறது. வண்டல் படிகிறது, சீமைக் கருவேல் முளைக்கிறது, வரத்துக் கால்வாயில் வீட்டு மனைகளின் கல் நடப்படுகிறது. சர்க்கார் பணம் ஒதுக்கி இயந்திரம் கொண்டு வந்து தூர் வாரினாலும், இயந்திரம் போன மறுநாள் முதல் ஏரியைக் கவனிப்பது யார்? மதகின் பாஷை தெரிந்த கிழவர்கள் ஒவ்வொருவராகக் கண் மூடிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறுகிறார்கள். அதில் தவறு ஒன்றுமில்லை. சேற்றில் உழன்ற குடும்பத்துப் பையன் நிழலில் வேலை பார்க்க ஆசைப்படுவது நியாயந்தான். ஆனால் வீட்டுக் கிணற்றில் ஏன் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அவனைக் கேட்டால் விழிக்கிறான். உலகத்திலுள்ள பெரிய நதிகளின் நீளமெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தன் ஊர்க் கலங்கல் எந்தத் திசையில் இருக்கிறது என்பதோ பாடப் புத்தகத்தில் இல்லை.

ஆகவே இந்த வாரம் நாம் கேட்க விரும்பும் கேள்வி இது: பழைய ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் செய்த காரியத்தை இன்று ஊரில் எந்த ஸ்தாபனம் எடுத்துக் கொள்ளக்கூடும்? பள்ளிக்கூடம் என்பதே நமது பதில்.

"பள்ளிக்கூடத்துக்கு அது வேலையா?" என்று கேட்பவர்கள் உண்டு. இது புதிதாகக் கிளம்பிய யோசனை அல்ல. 1922-ஆம் வருஷத்தில் ரவீந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனத்துக்கு அருகே சுருல் கிராமத்தில் எல்ம்ஹர்ஸ்ட் என்னும் ஆங்கில இளைஞரைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஸ்ரீநிகேதனை ஆரம்பித்தார். மலேரியாவை விரட்டுவது, பயிரைத் திருத்துவது, கைத்தொழிலை வளர்ப்பது எல்லாம் அங்கே கல்வியோடு சேர்ந்தே நடந்தன. 1937-இல் வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை நாட்டின் முன் வைத்தார். அந்தக் கல்விக்குச் சேவாக்கிராமத்தில் வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஆரியநாயகம் என்னும் இலங்கைத் தமிழர் என்பது நம்மில் பலர் மறந்து போன செய்தி. 1947-இல் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் திண்டுக்கல்லுக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினபோது, பள்ளியும் வைத்தியசாலையும் கைத்தொழிலும் ஒரே குடும்பமாக வளர்ந்தன. ஊரிலிருந்து பிரிந்து மதில் எழுப்பிக் கொண்ட பள்ளிக்கூடத்தை இவர்களில் யாரும் விரும்பவில்லை.

நமது நாளிலும் அந்த விதை பட்டுப் போகவில்லை. திருவண்ணாமலைக்கு அருகே 2009-ஆம் வருஷம் முதல் மருதம் பண்ணைப் பள்ளி என்று ஒன்று நடந்து வருகிறது. பெயரைக் கேட்டதும் வயலும் வயல் சார்ந்த நிலமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? பள்ளியைச் சுற்றி ரசாயன உரம் இடாத பண்ணை. சுற்று வட்டாரக் கிராமப் பிள்ளைகளும், தூர தேசங்களிலிருந்து வந்து குடியேறினவர்களின் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து படிக்கிறார்கள், ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். இந்தப் பள்ளியோடு இணைந்த தரும ஸ்தாபனம் 2003 முதல் அருணாசல மலையை மறுபடி காடாக்கும் வேலையில் ஈடுபட்டிருக்கிறது. நாட்டு மரங்களின் விதையைத் தேடிச் சேகரிப்பது, நாற்றங்காலில் வளர்ப்பது, மழைக் காலத்தில் மலை மேல் கொண்டுபோய் நடுவது, கோடையில் தீ பரவாமல் புல்லை அரிந்து இடைவெளி விடுவது, தீப்பிடித்தால் ஓடிப்போய் அணைப்பது ஆகிய இவ்வளவும் வருஷா வருஷம் நடக்கின்றன. மலையடிவாரத்தில் பாழ்பட்டுக் கிடந்த ஓர் இடத்தை அதே கூட்டத்தார் குழந்தைகளுக்கான பூங்காவாக மாற்றினார்கள். மரம் நடு விழா என்றால் மாலை, மேடை, புகைப்படம், மறுநாள் ஆடு என்று நாம் பழகிவிட்டோம். அங்கே விழாவுக்கு முன்னும் பின்னும் வேலை இருக்கிறது.

தர்மபுரி ஜில்லாவில் நாகர்கூடலுக்கு அருகே 2000-ஆம் வருஷத்தில் ஆரம்பமான புவிதம் பள்ளியின் கதை வேறு விதமானது. கட்டடக் கலை படித்த மீனாட்சி உமேஷ் என்னும் பெண்மணி, வறண்ட மேட்டு நிலம் ஒன்றில் குடியேறி, அந்த நிலத்தைத் திருத்தி, அங்கேயே மண் கட்டடங்களில் பள்ளியை எழுப்பினார். மழை பொய்த்தால் அந்தப் பக்கத்து ஜனங்கள் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் கூலி வேலை தேடிப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் படிப்பு பாதியில் அறுந்துவிடும். ஆகவே பெற்றோர் வெளியூர் போனாலும் பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதி வேண்டியிருந்தது, அதுவும் ஏற்பட்டது. மண்ணும் நீரும் கெட்டால் முதலில் கலைவது குடும்பம், பிறகு கலைவது வகுப்பறை என்ற உண்மையை அந்தப் பள்ளி எந்தப் பிரசங்கமும் இல்லாமல் எடுத்துக் காட்டுகிறது.

இந்த இரண்டு இடங்களிலும் பள்ளிக்கூடம் ஊருக்கு நடுநாயகமாக விளங்குவதன் காரணம் என்ன? ஊருக்கு வேண்டிய ஏதோ ஒன்று அங்கே கிடைக்கிறது என்பதுதான். ஓரிடத்தில் நாற்று, ஓரிடத்தில் நிழல், ஓரிடத்தில் பிள்ளைகளுக்குப் பத்திரமான படுக்கை. ஜனங்களை வா, வா என்று அழைத்து நல்லுரை கூறுகிற இடத்துக்கு அவர்கள் ஒரு நாள் வருவார்கள். பிரயோஜனம் உள்ள இடத்துக்குத் தினமும் வருவார்கள். கோயிலும் குளத்தங்கரையும் ஒரு காலத்தில் ஊரின் மையமாக இருந்தன என்றால், அங்கே புண்ணியம் மட்டுமல்ல, தண்ணீரும் செய்தியும் வைத்தியமும் கிடைத்தன என்பதையும் நாம் ஞாபகத்தில் வைக்க வேண்டும்.

"அதெல்லாம் தனியார் தருமத்தில் நடக்கும் சிறு பள்ளிகள். எங்கள் ஊர்ச் சர்க்கார் பள்ளியில் ஆசிரியருக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஏரி வந்து மார்க்கு வாங்கித் தருமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டால், அவரைக் கோபித்துக் கொள்ள நமக்கு உரிமை இல்லை. அவர் கவலை நியாயமானது. ஆனால் ஏரி மார்க்கும் வாங்கித் தரும் என்பதே நமது அபிப்பிராயம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் அது ஒரு கோடி லிட்டர். அதே பரப்பில் ஒரு சென்டிமீட்டர் வண்டல் படிந்தால் ஒரு லட்சம் லிட்டர் தண்ணீருக்கு இடம் போயிற்று. 200 சதுர மீட்டர் உள்ள பள்ளிக் கூரை மேல் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 2,000 லிட்டர். கன அளவும் தசமமும் இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையில் விளங்கும்? வண்டலைக் கையில் எடுத்துப் பார்ப்பது விஞ்ஞானம். கோட்டங்களைத் தெரிந்து கொள்வது சரித்திரம். பாட்டியிடம் வெள்ளக் கதையைக் கேட்டு எழுதுவது தமிழ்.

தாமலைப் போன்ற ஏரிக்கரை ஊர் ஒன்றின் பள்ளி செய்யக்கூடியவை என்று நமக்குத் தோன்றும் சில காரியங்களைச் சொல்லுகிறோம். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம்.

முதலாவது, ஒரு நோட்டுப் புத்தகம். மழைமானி ஒன்றும் நீர்மட்டம் பார்க்க ஓர் அளவுக் கல்லும் போதும். தினமும் மழை அளவு, வாரம் ஒரு முறை ஏரியின் நீர் மட்டம், பள்ளிக் கிணற்றின் மட்டம், வந்து இறங்கிய பறவைகள் ஆகியவற்றை மாணவர்கள் எழுதி வர வேண்டும். பத்து வருஷம் எழுதினால் அது அந்த ஊரின் சொத்துப் பத்திரத்தைவிட விலை மதிப்புள்ளதாகும்.

இரண்டாவது, ஒரு நாற்றங்கால். இலுப்பை, புங்கன், மருது, நாவல், பனை ஆகியவற்றின் விதையை அந்த வட்டாரத்திலேயே பொறுக்கி முளைக்க வைத்து, கேட்கிற வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கன்று வாங்கிப் போன வீட்டுக்கு ஆறு மாதம் கழித்து ஒரு மாணவன் போய், "எப்படி இருக்கிறது?" என்று விசாரிக்க வேண்டும். தோட்ட வாரியம் மறுபடி பிறந்தது என்று அர்த்தம்.

மூன்றாவது, ஒரு நாற்காலி. அதில் வாரத்துக்கு ஒரு நாள் மதகு திறந்த கிழவரோ, நாற்று நட்ட கிழவியோ வந்து உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் உட்பட எல்லோரும் கேட்க வேண்டும். எவருக்கு ஊர்ச் சபையில் இடமில்லாமல் இருந்ததோ அவருக்குப் பேரப் பிள்ளைகளின் வகுப்பில் முதல் ஆசனம்! ஆயிரம் வருஷத்துக் குறையை ஒரு நாற்காலி தீர்த்துவிடாது. ஆனால் எங்கேயாவது ஆரம்பிக்க வேண்டும்.

நான்காவது, கணக்கு வாசித்தல். தமிழ்நாட்டில் இப்போது கிராம சபைக் கூட்டம் வருஷத்துக்கு ஆறு முறை கூட வேண்டும் என்பது ஏற்பாடு. அவற்றில் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச்சு 22. அன்று பள்ளிப் பிள்ளை ஒருவன், அல்லது ஒருத்தி, எழுந்து நின்று ஏரியின் வருஷக் கணக்கை ஊரார் முன் படிக்கட்டும். "இவ்வளவு மழை வந்தது, இவ்வளவு நின்றது, இந்தக் கால்வாய் இத்தனை அடிக்கு அடைபட்டிருக்கிறது" என்று குழந்தையின் வாயால் சொல்லும்போது, கால்வாயை அடைத்தவர் அங்கே உட்கார்ந்திருந்தால் சற்றே நெளிவார்.

இதற்கெல்லாம் பொறுப்பேற்க ஒரு சபை வேண்டுமே என்றால், அதுவும் சட்டப்படி இருக்கிறது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவை ஏற்படுத்தியிருக்கிறது. அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பராந்தகன் காலத்துக் குடத்தில் விழாத பெயர்களுக்கெல்லாம் இந்தக் குடத்தில் இடமிருக்கிறது. கையெழுத்துப் போட்டுக் கலைகிற குழுவாக அதை விட்டுவிடாமல், ஏரி வாரியமாகவும் தோட்ட வாரியமாகவும் உபயோகித்துக் கொள்வது ஊரார் கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் செய்ய வேண்டும். பிள்ளைகளைக் கூலியில்லாத வேலையாட்களாக ஆக்கிவிடக் கூடாது. தூர் வாருவது பெரியவர்கள் வேலை. பார்ப்பது, அளப்பது, எழுதுவது, வளர்ப்பது பிள்ளைகள் வேலை. மண் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும் ஏரியில், பெரியவர்களின் துணையில்லாமல் ஒரு குழந்தையும் கரையை விட்டு இறங்கக் கூடாது. மட்டத்தை அளப்பதைவிட ஓர் உயிர் பெரிது.

இப்படிப்பட்ட காரியங்கள் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள் வேடந்தாங்கலை நினைத்துப் பார்க்க வேண்டும். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த அந்தச் சிற்றூரில், 1798-ஆம் வருஷத்தை ஒட்டிக் கலெக்டர் லயனல் பிளேஸ் காலத்திலேயே, பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று ஊரார் கேட்டு உத்தரவு வாங்கினார்கள். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்று அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது. தீபாவளிக்குக்கூட அந்த ஊரில் வெடி வெடிப்பதில்லை. ஒவ்வொரு தலைமுறைக் குழந்தைக்கும் யாரோ அதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்த ஒப்பந்தம் நிற்கிறது. சொல்லி வைக்கும் அந்த 'யாரோ' இனிமேல் நமது ஊர்களில் பள்ளிக்கூடமாக இருக்கட்டும்.

உத்திரமேரூர்ச் சிறுவனை அன்று சபையார் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஓலையில் உள்ளது இன்னதென்று அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத கைதான் பக்ஷபாதமில்லாத கை என்று பெரியோர்கள் கருதினார்கள். அந்தக் காலத்துக்கு அது சரி. தாமல் ஏரிக்கரையில் இன்று நிற்கும் சிறுமியிடம் நாம் எதிர்பார்ப்பது வேறு. அவள் நீட்டும் காகிதத்தில் எழுதியிருப்பது என்னவென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதை எழுதியவளே அவள்தான்.